கரிக்கோடு

ஓல்டனில் கார்த்திகை பிறந்தால்
சூரியன் மலைக்கு மேலேயே நின்றுவிடும்.
ஆரே ஆற்றிலிருந்து எழுகிற மூட்டம்
ரயில் பாலத்தைத் தின்று, தெருவிளக்கைத் தின்று,
கடைசியில் கீசிகர் ஐயாவின் காரையும் தின்னும்.
எழுபத்தெட்டாம் ஆண்டு ஓப்பல் கடெற்.
கடுகு மஞ்சள்.

"வெயிலில் நல்ல பிள்ளை,
மூட்டம் கண்டால் இருமுகிறது" என்று
செப்டெம்பரிலேயே சொன்னார் மனுசன்.
என் காதில் விழுந்தது பின்பாதி மட்டும்.
இருமல் என்றால் கார்புரேட்டர்தானே.
கழற்றினேன், கழுவினேன், ஊதினேன்,
நாலு பிளக்கும் புதிதாய்ப் போட்டேன்,
நூற்றெண்பத்தாறு பிராங் என்று எழுதி
கீழே என் பெயரை வடிவாகக் கையெழுத்திட்டேன்.
அன்று நல்ல வெயில்.
வண்டி பூனைபோல முனகிக்கொண்டு போனது.
எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

நேற்று இழுவை வண்டியின் முதுகில் வந்தது.
அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை.
சாவியை மேசையில் வைத்துவிட்டுத்
தொப்பியைச் சரிசெய்தார், இரண்டு முறை.

இன்று காலை ஐந்தரை. கராஜில் ஒருவருமில்லை.
இயந்திரத்தை ஓடவிட்டு,
கையுறை போட்டு,
வயர் வயராக உருவிப் பார்த்தேன்.
ஒன்றை உருவ, தள்ளாடியது.
இரண்டை உருவ, தள்ளாடியது.
மூன்றை உருவினேன்.
பந்திக்கே வராதவனை
எழும்பச் சொன்னதுபோல
ஒரு மாற்றமும் இல்லை.

விளக்கை அணைத்தேன்.
சட்டை தேய்க்க வைத்திருந்த தண்ணீர்க் குப்பியால்
வயர்கள்மேல் பூவாய்த் தெளித்தேன்.
எங்காவது நீலமாய் ஒழுகும் என்று
பாட்டரிமேல் முழங்கை ஊன்றிக் காத்திருந்தேன்.
வெளியே ஒரு களவும் இல்லை.
அப்படியென்றால் வீட்டுக்குள்.

வண்டியை நிறுத்தி
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கொக்கியையும் தட்டினேன்.
கவிழ்த்துப் பார்த்தால்
உள்ளே மூச்சு விட்டதுபோல ஒரு ஈரம்.
மூன்றாம் முனைக்கும் நாலாம் முனைக்கும் நடுவே
ஒரு கண்ணிமை மயிர்.
துடைத்தேன், போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன், போகவில்லை.
டோர்ச்சைக் கிட்டக் கொண்டுபோனேன்.
மயிர் இல்லை,
கரி.
பிளாஸ்டிக்கைப் பொசுக்கிப் பொசுக்கி
வேர்விட்டு ஓடிய கறுப்புக் கோடு.

பொறிக்கு விசுவாசம் கிடையாது.
மூன்றில் அழுத்தம் ஏறிக் கதவு இறுகும் நேரம்
நாலில் அப்போதுதான் காற்று புகுந்து முடிகிறது,
அங்கே நெருக்கடி இல்லை.
ஒரு ஈரக் காலையில் ஒருமுறை அங்கே தாவியிருக்கும்.
தாவிய இடம் கொஞ்சம் கருகியிருக்கும்.
கருகினால் அது வழி.
அடுத்த பொறிக்கு யோசிக்க ஒன்றுமில்லை.
மூன்றின் நெருப்பு நாலுக்குள் நேரம்கெட்டு விழ
அதுதான் கார்புரேட்டர் வாயால் துப்பியது.
அந்தத் துப்பலைத்தான் நான்
இருமல் என்று எழுதிக் காசு வாங்கினேன்.

எட்டு மணிக்கு அவருக்குப் போன் எடுத்தேன்.
இரண்டு முறை எண்ணைப் பிழையாக அழுத்தியபின்.

அவர் வந்து மூடியை வாங்கி
வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.
"கார்புரேட்டரில் பிழையே இல்லையா?"
"இல்லை. இப்போது சுத்தமாக இருக்கிறது."
மீசைக்குள் ஏதோ அசைந்தது.
"என்னுடைய காசும்
இந்தக் கோட்டு வழியாகத்தான் போனதோ?"

புது மூடி முப்பத்திநாலு பிராங்.
ரோட்டரும் மாற்றினேன், அதை எழுதவில்லை.
பழைய கூலியைக் கழித்துக் கணக்குப் போட்டால்
நான்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும்.
அவர் மறுத்தார், நான் நீட்டினேன்,
நோட்டு மேசையில் கிடந்தது.
முதல் சுற்றிலேயே வண்டி பிடித்தது.

பத்து மணியாகியும் மூட்டம் விலகவில்லை.
பின்விளக்கு இரண்டும்
தெரு முடியுமுன்பே மறைந்தன.
சத்தம் மட்டும் நாலு நாலாய்க் கேட்டது.
வளைவு வரைக்கும் எண்ணினேன்.