வாஷர் கனம்

"கரண்ட் போகட்டும், பாத்துக்கலாம்" என்றார் தெய்வசிகாமணி.
பள்ளிபாளையத்தில் பட்டறை போட்டவர்
வேறென்ன சொல்வார்?
இரண்டு பக்கமும் விசைத்தறி.
காதுக்குள்ளேயே நாடா ஓடுகிற தெரு.
இதில் எங்கே கேட்பது
என் வண்டி கத்துவதை?

தாவணகெரேயில் ஏற்றிய மக்காச்சோளம்.
நாமக்கல் வரைக்கும்
பானெட்டுக்குள் ஒரு கோழிக்குஞ்சு
தாயைத் தேடிக்கொண்டே வந்தது.
கிளீனர் பையன் சோப்புக்கட்டி தேய்த்தான்.
பவானியில் ஒருவர் ஏதோ ஸ்பிரே அடித்துக் காசு வாங்கினார்.
ஈரோட்டில் வாங்கிய புது பெல்ட்டும்
மூன்றாம் நாள் கீச்சிட,
கழற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேசையில் வீசினேன்.
"டூப்ளிகேட் விக்கிறதுக்கு" என்று ஆரம்பித்தேன்,
மீதியை இங்கே எழுத முடியாது.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வேறொரு பெல்ட்டை எடுத்து வைத்தார்.
காசு வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பது மணிக்குத் தறிகள் ஒரே மூச்சில் நின்றன.
எங்கோ குக்கர் விசில். எங்கோ ஒரு இருமல்.
நடுத்தெருவில் என் தொண்ணூற்றெட்டு மாடல்
கீச். கீச். கீச்.
வெட்கமாக இருந்தது,
வீட்டுச் சண்டை வாசலுக்கு வந்த மாதிரி.

பாட்டில் மூடியில் துளை போட்டு
ஓடும் பெல்ட்டில் தண்ணீர் பீய்ச்சினார்.
அடங்கியது.
பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்தது.
"லூசா இருந்தா தண்ணி பட்டதும் இன்னும் கத்தோணும்.
இது வேற."
நீள ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையால் வாட்டர் பம்பை, ஆல்டர்னேட்டரை
ஒவ்வொன்றாய் விசாரித்தார்.
"பேரிங் சுத்தம்."

தலையெல்லாம் பஞ்சாய்
தறிக்குடோன் வாசலில் வந்து நின்ற வளர்மதி
டீ கிளாசைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"பட்டை கோணலா ஓடுதுங்.
எங்க ஏழாம் நெம்பர் தறி இப்படித்தான் அழுவும்."

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை.
இன்ஜினை நிறுத்திவிட்டு
"நூலு இருக்குதா?" என்றார்.

நாற்பதாம் நம்பர் நூல்.
கிராங்க் புல்லியில் ஒரு முனையை அவர் பிடிக்க
ஆல்டர்னேட்டர் பக்கம் அவள் இழுத்து நிறுத்தினாள்.
தொட்டது, தொட்டது, தொட்டது,
நான்காவது இடத்தில் தொடவில்லை.
ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவு வெளிச்சம்.

"இங்கொரு வாஷர் இருந்திருக்கோணுமே.
ஆரு கழட்டுனது?"

தொப்பூர். ராத்திரி ரெண்டு மணி.
வாயில் கவ்விய செல்போன் டார்ச்.
போல்ட்டை உருவும்போது என்னமோ
டிங்கென்று சரளைக்குள் உருண்டது.
நான் குனியவில்லை.

"தெரியலீங்களே" என்றேன்.
அவர் டப்பாவைக் கவிழ்த்து வாஷர் தேடினார்.
வளர்மதி மட்டும் நூலைச் சுற்றிக்கொண்டே
என் முகத்தைப் பார்த்தாள்,
அறுந்த இழை எங்கே என்று பார்ப்பதுபோல.

மாட்டிச் சாவியைத் திருப்பவும்
சொன்ன நேரத்துக்கு முன்னமே கரண்ட் வந்துவிட்டது.
தெரு முழுக்கத் தறி.
கீச்சு நின்றதா இல்லையா, யாருக்கும் கேட்கவில்லை.
"ஓட்டிப் பாருங்" என்று கையைத் துடைத்தார்.

காவிரிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கினேன்.
ஆற்றுக் காற்று, டீசல் உறுமல்.
வேறொன்றும் இல்லை.
பாலம் இறங்கினால் ஈரோடு.
பெல்ட் கடை ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்குச் சாத்துவார்கள்.
மணி ஒன்று பத்து.
லாரி நுழையாத சந்து அது.
நடந்துதான் போகவேண்டும்.