கீரை தின்ற ஏழு மாதம்

பங்குனியில் ரசவாளியைத் தட்டிவிட்டேன்.
இடதுகைப் பக்கம்தான் இருந்ததாம்.
கழனிவாசல் சாலையில் பன்னிரண்டு மணிக்கே
எண்பது இலை விழுகிற மெஸ்,
வாளி கவிழாமல் இருக்குமா என்றேன்.
இரண்டாம் முறை கவிழ்ந்தபோது
பாண்டியம்மா ஒன்றும் பேசாமல்
அதை வலப்பக்கம் மாற்றி வைத்தாள்.

மதுரையில்
வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
நடுப்புள்ளியை விட்டுப் பார்வை நகரக் கூடாது.
எங்கே வெளிச்சம் மினுக்கினாலும்
பொத்தானை அழுத்தணும்.
கடுகு வெடித்தது, அங்கொன்று, இங்கொன்று.
வெடித்தும் நான் பார்க்காத கடுகையெல்லாம்
அந்த இயந்திரம் எண்ணிக்கொண்டிருந்தது.

தாளில் என் இடக்கண்:
ஓரம் கருகிய தோசை.
"கிளாக்கோமா. அழுத்தம் இருபத்தேழு.
போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்"
என்றாள் டாக்டர்.
வலி இருந்ததா என்று கேட்டாள்.
இல்லை.
வலித்திருந்தால் கவனித்திருப்பேனே.

ஊருக்கு வந்தால்
ஆளுக்கொரு வைத்தியம்.
பொன்னாங்கண்ணி ஒரு மண்டலம் தின்றால்
பகலில் நட்சத்திரம் தெரியும் என்றார்
டிவிஎஸ்ஸில் கீரை கொண்டுவரும் சவரியப்பன்.
(எனக்கு நட்சத்திரம் வேண்டாம், ரசவாளி தெரிந்தால் போதும்.)
கறிக்கடை இபுராகீம்
ஆட்டுக்கண் இரண்டைத் தாமரை இலையில் மடித்துத் தந்தார்,
காசு வாங்கவில்லை.
அவை என்னைப் பார்த்தபடி இருந்தன.
பூனைக்கும் பிடிக்கவில்லை.

கீரையைப் பிடித்துக்கொண்டேன்.
முருங்கை, அகத்தி, சிறுகீரை, சூடு ஆறாத பருப்போடு.
மூன்று டம்ளர் காபி ஒன்றானது.
அடுப்படி வெக்கையில் ஒரே மூச்சில் குடிக்கிற
செம்புத் தண்ணியை
மிடறு மிடறாகப் பிரித்தேன்.
உப்புக்கண்டம் வறுக்கிற வாசத்துக்கு
மூக்கை மட்டும் அனுப்பினேன்.

ஆனால் சொட்டுமருந்து
குளிர்பெட்டியில் மாவுக்குப் பின்னால் இருந்தது.
இரவில் விட்டால் எரிச்சல்.
காலையில் கண் சிவந்து கிடந்தால்
"யாரு ஆச்சி செத்தது?" என்பார்கள் இட்லிக்கு வந்தவர்கள்.
மிளகாய் வறுக்கிற நாளில் கேட்கவே வேண்டாம்.
ஒருநாள் விட்டுப்போனது.
அப்புறம் ஒரு வாரம்.
அப்புறம், கீரைதான் தின்கிறோமே என்று.

ஐப்பசியில் மறுபடியும் மதுரை.
இருபத்தொன்பது.
கீரைக் கணக்கு முழுதும் சொன்னேன்,
ஒரு நாள் தவறவில்லை என்று.
பொறுமையாகக் கேட்டாள் அந்தப் பொண்ணு,
என் மகள் வயது இருக்கும்.
"கீரை நல்லது ஆச்சி. விடாம சாப்பிடுங்க.
ஆனா அது குழம்புக்குப் பக்கத்துல கூட்டு.
குழம்பு இது" என்று
குப்பியை மேசையில் வைத்தாள்.
எனக்குப் புரிகிற பாஷையில் பேசிவிட்டாளே
என்றுதான் அழுகை வந்தது.

தாளில் கருகல்
இன்னும் ஒரு விரல்கடை உள்ளே வந்திருந்தது.
பணியாரம் வேகும் நேரத்தை
நொடி பிசகாமல் சொல்வேன்.
இந்த ஏழு மாதம்
எப்போது தீய்ந்தது என்று தெரியவில்லை.

இப்போது ஒன்பதரைக்கு போன் அடிக்கிறது.
இடுப்புச் சாவியைக் கழற்றிவிட்டுப் படுத்து
ஒரு சொட்டு.
கண்ணை மூடி, மூக்கோரக் குழியை
விரலால் அழுத்தி, இரண்டு நிமிடம்.
அதற்குள் நாளைக்கான வெங்காயக் கணக்கு முடிந்துவிடும்.
சிலநாள் முடியாது,
இருட்டையே பார்த்துக் கிடப்பேன்,
எது மூடிய கண்ணின் இருட்டு
எது மற்றது என்று.

கீரை தினமும் வேகிறது.
"கண்ணுக்கு நல்லதா ஆச்சி?" என்று கேட்பவரிடம்
நாக்குக்கு நல்லது,
கண்ணுக்குப் போய்க் கண்ணைக் காட்டு என்கிறேன்.
நாற்பது தாண்டினவன் என்றால்
இன்னொரு கரண்டி வைத்துச் சொல்கிறேன்.

பந்தியில்
இடப்பக்கம் உட்காருகிறவர்களுக்கு
முதலில் பரிமாறிவிடுகிறேன்,
இல்லாதவர்கள் என்று
நினைத்துவிடுவேனோ என்று.