கதவு பூட்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
பர்மா காலனி எனக்கு.
சுவரோரம் நிழல் பார்த்து நடந்து
மீட்டர் எண்களைக் குறித்துப் போவேன்.
கடைசிச் சந்தில் பச்சை கேட் வீட்டுக்கு
மாசியில் எழுதியது: கதவு பூட்டு.
சித்திரையில் எழுதியதும் அதுவே.
உள்ளே ஏதோ இருமியது.
குழாய் காற்று இழுக்கிறது என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.
வெயில். இன்னும் நாற்பது வீடு பாக்கி.

ஆனியில்
எதிர் வீட்டு லாரிக்காரர் பிச்சைமுத்து
சுவரேறிக் குதித்துத் தாழ் திறந்தார்.
பன்னைப் பிய்த்துச் சுவருக்கு மேலே
வாரம் மூன்று நாள் எறிந்தவரும் அவர்தான்.
லோடு போன நாட்களில் யார் எறிந்தார்கள்
என்று நான் கேட்கவில்லை.
சொட்டும் குழாயடியில்
அழுக்குத் தலையணை ஒன்று கிடந்தது.
தலையணை எங்களைப் பார்த்து
எழுந்து நிற்க முயன்றது.

மீட்டரில் பூஜ்யம் யூனிட்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் ரெஜினா கத்தரித்து முடிக்க
ஒன்றேகால் மணி நேரம்.
சடை உரிந்து உரிந்து
உள்ளேயிருந்து ஒரு பொமரேனியன் வந்தது,
அடைக்கோழி அளவில்.
வெட்டிய முடி அரை கிலோ. நாய் மூன்றரை.
பின்னங்கால் நகம் வளைந்து
தன் பாதத்துக்குள்ளேயே வேர்விட்டிருந்தது.
பல் பதினொன்று பிடுங்கினார்.
ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது,
மற்றதில் கொஞ்சம் வெளிச்சம்.
"பன்னிரண்டு, பதிமூன்று வயசிருக்கும்.
இதயம் வீங்கியிருக்கு.
ரொம்ப நாள்னு எதிர்பார்க்காதீங்க."
அட்டையில் எழுதப் பெயர் கேட்டார்.
அந்த வீட்டின் மின் இணைப்பு எண்தான்
எனக்கு மனப்பாடம்.

காலி செய்து போனவர்களின் எண்ணைப்
பிச்சைமுத்து தேடிக் கொடுத்தார்.
ஓசூரில் இருந்தார்கள்.
"இன்னும் இருக்கா?" என்றது பெண்குரல்.
குரலில் கோபமில்லை.
பின்னால் ஒரு குழந்தை, "யாரும்மா?"
பெயர் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கோட்டையூரில் பெரிய வீடொன்றின்
பின்கட்டில் இரண்டு அறை, என் வாடகை.
தரை முழுக்க ஆத்தங்குடிக் கல்,
மஞ்சளும் பச்சையுமாய்ப் பூ.
எனக்குக் குளிர்ச்சி, அவளுக்கு வழுக்குப்பாறை.
நான்கு கால் நான்கு திசைக்குப் போகும்,
வயிறு மட்டும் நடுவில் இருக்கும்.
புதுவயல் மில்லில் பத்து சாக்கு வாங்கி
படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்,
கிண்ணத்திலிருந்து கொல்லைக் கதவு என்று
ரோடு போட்டேன்.
"பூவையெல்லாம் மூடிட்டீங்களேம்மா" என்றார்
வாடகை வாங்க வந்த சாத்தப்பன்.
ஆமாம் என்றேன்.

ஜூலி என்று கூப்பிட்டேன்.
ரோஸி. பப்பி. டைனா.
தெருத்தெருவாய் நான் கேட்டிருந்த
அத்தனை நாய்ப்பெயரும்
ஒரு வாரம்.
அப்புறம் ஒருநாள் தலைமாட்டில் குக்கர்
மூன்று விசில் அடித்தது.
காது அசையவில்லை.

இப்போது குதிகாலால் தரையைத் தட்டுகிறேன்.
இரண்டு தட்டினால் சாப்பாடு.
ஒன்று தட்டினால் நான்தான்.
கல் வழியே சாக்கு வழியே
வயிற்றில் கேட்டுக்கொள்கிறாள்.

குழைந்த சோற்றில் ஈரல் பிசைந்து
உருட்டி வைப்பேன், ஐந்து உருண்டை.
நான்கைத் தின்பாள்.
ஐந்தாவதை மூக்கால் உருட்டிப் போய்ச்
சாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பாள்.
எறும்பு வருவதற்குள் எடுத்துவிடுவேன்.
அதே இடத்தில்
புதிதாய் ஒன்று வைப்பேன்.
போய்ப் பார்த்து, முகர்ந்து,
இருக்கிறது என்று தெரிந்துகொண்டு
வந்து படுத்துக்கொள்வாள்.

ராத்திரியில் இருமுகிறாள்.
அதே இருமல்.
குழாயை நான் இறுக்கி அடைத்திருக்கிறேன்.
விளக்கைப் போடாமல்
பாய்க்கு வெளியே காலை நீட்டி
ஒரு தட்டு.