மிதி, பிடி, விடு

ஏலகிரி ஏறுகையில்
ஒன்பதாவது வளைவில்தான் தெரிந்தது.
எஞ்சின் ஐயாயிரத்துக்கு எகிறிக் கத்துகிறது,
வண்டி ஒரு பால்கார மொபெட்டுக்குப் பின்னால்.
மொபெட்டுக்காரர் திரும்பிப் பார்த்து
ஒதுங்கி வழிவிட்டார்.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இரட்டைக் கார்புரேட்டர், சீவிய ஹெட்,
புதுக் கேம் ஷாஃப்ட் என்று
மூன்று வருடம் தீனி போட்ட குதிரைகள்
ஆறரை அங்குலத் தட்டில் கால் வழுக்கி நின்றன.
கருகல் வாடை.
ரோஸ்லின் முந்தானையால் மூக்கைப் பொத்தி
"இதுக்குத்தானா?" என்றாள்.
எதுக்கு என்று நான் கேட்கவில்லை.

சீட்டு எடுத்தது ஃப்ரிட்ஜ் வாங்க.
புனேயிலிருந்து வந்த பார்சலோ
ஃப்ரிட்ஜ் அளவுக்கு இல்லை.
பிரித்ததும் அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்:
ஏழேகால் அங்குலம்,
பழையதைவிட முக்கால் அங்குலம் கூடுதல்.
அந்த முக்காலின் விலையை
நான் பாதியாகச் சொன்னேன்.

அக்னி நட்சத்திரம், சத்துவாச்சாரி.
தகரக் கொட்டகையில் நிழலும் சுட்டது.
ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸ் கீழே இறங்காது,
ஆள் உட்காரும் இடம் வழியாகத்தான் வரும்.
சீட்டுப் பணத்துக்காக
சீட்டைக் கழற்றி, நடுக்கூட்டைத் தூக்கி
அதை மடியில் இழுத்து வாங்கியபின்
எழ முடியவில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்,
அதுவும் நானும்,
எண்ணெய் வடிந்துகொண்டு.

பழைய தட்டில் ரிவெட்டுத் தலைகள்
தேய்ந்த எட்டணாக்கள் மாதிரி மின்னின.

ஃப்ளைவீலை மடியில் வைத்து
ராணிப்பேட்டைக்கு டவுன் பஸ்.
கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
அத்தாவுல்லா லேத்தில் ஏற்றி
ஒரே ஒரு மயிரிழை சீவினார்,
ஆறு துளை புதிதாகப் போட்டார்,
"இன்னும் எவ்வளவு வேகம் வேணும் உங்களுக்கு?"
பஸ்ஸில் திரும்புகையில் யோசித்தேன்.
காட்பாடி பாலத்தில் யாருக்கு என்ன வேகம்.

தட்டை நட்டநடுவில் நிறுத்த
ஒரு டம்மி ஷாஃப்ட் வேண்டும்.
பூரிக்கட்டையின் கைப்பிடி
நான்கு சுற்று டேப்புக்குப் பிறகு கச்சிதம்.
அதையும் அவள் பார்த்தாள்.

நான்கு நாள் பேச்சில்லை.

எல்லாம் பூட்டியாயிற்று, சீட் உட்பட.
குழாயில் காற்று மட்டும் பாக்கி.
காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
கூப்பிடவில்லை. பாட்டிலையும் ஸ்பேனரையும்
சத்தம் கேட்கும்படி கீழே வைத்தேன்.
நைட் டியூட்டி முடிந்து வந்தவள்
செருப்பைக் கழற்றிவிட்டு
ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

மிதி.

பிடி.

விடு.

கண்ணாடிக் குழாயில் குமிழிகள்
வரிசை கட்டி வந்தன.

மிதி.
"மிதிச்சாச்சு."
பிடி.
"பதினாலு வருஷமா பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

விடு என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அம்மியைக் காலால நகர்த்துற மாதிரி இருக்கு," என்றாள்.
உண்மை. மறுநாள் பாலத்து நெரிசலில்
முதல் கியருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே
இடது முழங்கால் நடுங்கியது.
எலும்பு வார்டில் வேலை பார்ப்பவள்
முழங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது வளைவு இப்போது
ஒரே இழுப்பு.
ஆனால் அந்தப் புது ஸ்பிரிங்கின் பலம்
ஒவ்வொரு மிதிக்கும் கிராங்கை முன்னால் தள்ளுகிறது.
அதைத் தாங்குவது
விரல் நகமளவு தடிமனில்
இரண்டு பிறை வாஷர்கள்.
முன்பு கிளட்ச் வழுக்கி
அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அதனால் மாதம் ஒரு ஞாயிறு
நான் பானட்டுக்குள் குனிந்து
டயல் கேஜைப் புல்லியில் வைக்கிறேன்.
அவள் மிதிக்கிறாள்.

"எத்தனை?"
"எட்டு கோடு."
"எதுவரை தாங்கும்?"
"பன்னிரண்டு."

உள்ளே பழைய ஃப்ரிட்ஜ்
உடம்பை உதறிக்கொண்டு நிற்கிறது.
முள் எட்டிலேயே இருக்கிறது.
அவள் இன்னும் காலை எடுக்கவில்லை.