‘என்’ என்று எழுதியவை

பகாவுக்கு வெளியே, செம்பனை ஆலையின் எடைமேடை அறையில்
பழைய கணினி வியாழக்கிழமை செத்துப்போனது.
அதன் மென்பொருள் சாகவில்லை.
ஒரே ஒரு ஃபிளாப்பிக்குள்
உயிர் இருந்தது, உடம்புதான் இல்லை.
உடம்பு செய்ய என்னைக் கூப்பிட்டார்கள்.

எமுலேட்டரின் மூலநிரல் இலவசம்,
யாரும் இறக்கிக்கொள்ளலாம்.
கூடவே ஒரு பட்டியல் வரும்:
மனிதர்கள் கணினிக்குள் இதுவரை
செருகிப் பார்த்த சாமான் அத்தனையும்.
எதிரே ‘ஒய்’ போட்டால் உண்டு.
‘என்’ போட்டால் அப்படி ஒன்று
பிறக்கவே இல்லை.

எனக்குத் தந்த பெட்டி உள்ளங்கை அகலம்.
பெரிசுக்குக் காசில்லை என்றார் மேனேஜர் லிம்.
ஆகவே ஒலி அட்டை, என்.
யூஎஸ்பி, என்.
ஜாய்ஸ்டிக், என். இங்கே யார் விளையாடப் போகிறார்கள்?
என், என், என் என்று
இரவு பன்னிரண்டு வரை எழுதினேன்.
தமிழில் படித்தால்
அத்தனையும் என்னுடையது போலிருந்தது.
இல்லாததற்கெல்லாம் சொந்தக்காரன்.

நெட்வொர்க் கார்டிடம் கை தயங்கவே இல்லை.
மூன்று ஏக்கர் சவரிராசு காலையில் கேட்டிருந்தார்:
“எங்கயோ உக்காந்துக்கிட்டு எவனாச்சும்
என் குலையோட எடையைக் கொறைக்க முடியுமா தம்பி?”
முடியாது அண்ணே.
பூட்டியிருக்கிறேன் என்பதால் இல்லை.
இல்லாத கதவுக்கு எதற்குப் பூட்டு.

பிறகு கம்பைல் ஓடி, நூறாவது வரியில் முறைத்தது.
ஃபிளாப்பியை அழைத்தவன் டிஎம்ஏவை அழைக்கவில்லையாம்.
கல்யாணத்துக்கு மச்சானைக் கூப்பிட்டால்
மச்சானின் கூட்டாளிக்கும் இலை போடவேண்டும்.
போட்டேன்.
சீரியல் போர்ட் சொன்னது: எனக்கு பஸ் வேண்டும்.
இந்த ஊரில் இருட்டினபின் யாருக்குத்தான் வேண்டாம்?
ஐஎஸ்ஏ பஸ், ஒய்.
பிரிண்டருக்கான பழைய அகலத் துளை, ஒய்.
மழை பிடித்தது. லேப்டாப் விசிறி
ஆலையின் பாய்லரோடு சேர்ந்து முனகியது.

சனிக்கிழமை, முதல் லோரி, ஜைனோல்.
பச்சை எழுத்து தோன்றியது.
பதினாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ.
பிரிண்டர் கிர்ரென்று சீட்டைத் தள்ளியது.
லோகவதி கிழித்து நீட்டினாள்.
எல்லாம் சரி.
லோரி நகரவில்லை.

பின்னால் ஆறு லோரி. ஹாரன்.
ஒரு குலை சரிந்து விழுந்து சாக்கடைவரை உருண்டது.
“ஜாலான்லா!” என்று லோகவதி கையை வீசினாள்.
அவன் சீட்டை வாங்காமல்
காதைத் தொட்டுக் காட்டினான்.

அப்போதுதான் புரிந்தது.
எடை ஆடி அடங்கியதும் பழைய கணினி
ஒரே ஒரு பீப் போடும்.
பத்தொன்பது வருஷமாக அவன் கால்
பிரேக்கை விட்டது அதற்குத்தான்,
திரைக்கு அல்ல, சீட்டுக்கு அல்ல.
நூற்று நாற்பத்தோராவது வரி:
கணினி ஸ்பீக்கர், என்.
அதை எழுதும்போது
யோசித்ததுகூட நினைவில்லை.

திரும்ப ஒய். திரும்பக் கம்பைல்.
பதினொரு நிமிடம் ஆகும் என்றேன்.
லோகவதி ஒரு மடக்கு தே ஓ குடித்து,
ஜன்னலில் தலை நீட்டி, வெட்கப்படாமல்
வாயாலேயே “பீப்” என்றாள்.
ஜைனோல் போனான்.
அடுத்தவனுக்கு ஒரு பீப். அவனும் போனான்.
நான்கு லோரிகள் அவள் குரலில் இறங்கின.
ஐந்தாவதற்கு என் பெட்டி கத்தியது,
மெலிசாக, கொஞ்சம் கீச்சென்று.
அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
பாராட்டா, வருத்தமா, தெரியவில்லை.

பட்டியலில் அந்த வரிக்கு மேலே
வேலிக்குறி ஒன்று இட்டு எழுதி வைத்தேன்:
‘இது ஜைனோலின் காலுக்கு. எடுக்காதே.’
வேலிக்குறிக்குப் பின்னால் இருப்பதை
இயந்திரம் படிக்காது,
தாண்டிப் போய்விடும்.
அடுத்து இதைத் திறப்பவன்
படிப்பான்.