வெட்டுச் சேதம்

களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டி
இரண்டாவது வளைவு. கார் ஷெட்.
கார் போன மாசமே விற்றாயிற்று.
எண்ணெய்க் கறை மட்டும் கான்கிரீட்டில்
இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

முந்தின ராத்திரி ஒரு முழம் பாலிதீன் தாளை
நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் விட்டுப் போனேன்.
காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தது.
இடவப்பாதிக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறது, அதற்குள்.
பார்த்தால் காய்ந்த தரைதான்.
நம்பி மரத்தை வைத்தால் உளுத்துப்போகும்.
ஜிஐ சட்டம், அடியில் தார்ப்பட்டை.

அப்புறம் சாய்வு.
மழைத்தண்ணி வெளியே ஓட
பன்னிரண்டடிக்கு ஒன்றேமுக்கால் இஞ்சு,
கொத்தன் வேண்டுமென்றே போட்டது.
ஒரு காலின் அளவு இன்னொரு காலுக்கு வராது.
ஒவ்வொன்றாய் அளந்து, ஒவ்வொன்றாய் வெட்டினேன்.
சுபின் பென்சிலால் எண் போட்டான்.

யாருக்கு அறை என்று நான் கேட்கவில்லை.
ஞானசிகாமணி சார்தான் வந்து சொன்னார்:
"வாசல் ரோட்டப் பாத்து ஒண்ணு மதி.
அடுக்களப் பக்கம் வைக்காண்டாம்."
ஹாமர் டிரில் ஓடும்போது சொன்னார்.
நிறுத்திவிட்டு "என்ன சாரே?" என்றேன்.
மறுபடி சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

மத்தியானம் லில்லிபாய் அக்கா கட்டன்சாயா கொண்டுவந்தார்.
எனக்கொன்று, சுபினுக்கொன்று.
மூன்றாவது கிளாஸைக் கறைக்குப் பக்கத்தில் வைத்தார்,
யாருக்கென்று சொல்லவில்லை.
அடுக்களைப் பக்கச் சட்டத்தை விரலால் சுண்டி
"இதப் பெறவு அறுத்தா பெலம் போவுமா?"
"கால அறுத்தா போவும் அக்கா."
தலையாட்டிவிட்டுப் போனார்.
சாயங்காலம் பார்த்தேன், கிளாஸ் காலி.
ஈ அவ்வளவு குடிக்காது.

மறுநாள் சுபின் ஸ்குரூ வாங்கப் போன நேரம்
அந்தப் பக்கச் சட்டத்தில்
மூன்றடி இடைவெளி விட்டு
இரண்டு புறமும் கால்களை இரட்டையாக்கினேன்.
ஏழடியில் குறுக்கே ஒரு தலைச்சட்டம்.
அதன் மேல் போர்டை முடுக்கி
இணைப்புத் தெரியாமல் பட்டி இழுத்தேன்.
முட்டினால் அங்கே மட்டும் சத்தம் வேறு.
யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கணக்கு.
சார் கண்ணாடி போட்டு வரிவரியாய்ப் பார்த்தார்.
"கால் ரெண்டு கூடுதல் இருக்கே, ஒரு குறுக்கும்?"
"வெட்டுச் சேதம் சாரே. தரை சாய்வில்லா?"
தரையைப் பார்த்தார். அடுக்களைப் பக்கச் சுவரைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தார்.
பிறகு ரூபாயை எண்ணத் தொடங்கினார்,
பாதியில் விட்டு, முதலிலிருந்து.