பெரிய எழுத்து

வெள்ளகோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில்
ஜெராக்ஸ், லேமினேஷன்,
இப்போது வம்சாவளியும்.

தெய்வசிகாமணி நாலு நோட்டோடு வந்தார்.
கும்பாபிஷேகத்துக்குள்ள வேணுமுங்க அம்மிணி,
டல்லாஸ்ல இருக்கறவனும் படிக்கோணும்,
இங்கிலீசுலயே போட்டுருங்க.

வேகத்துக்காக எல்லாம் சின்ன எழுத்தில் அடிக்கிறேன்.
அடுத்த கட்டத்துக்குத் தாவியதும்
பெயர் தானாகத் தலை நிமிர்ந்துகொள்கிறது.
ஊராக இருந்தால் முழுசாகவே எழுந்து நிற்கிறது.
மூலனூர். முத்தூர்.
நாலு சாளையும் ஒரு வறண்ட கிணறும் இருந்த
ஊசிப்பாறைக்காடுகூட
சென்னை உயரத்துக்கு.

ஆறாம் தலைமுறை, பொங்கியண்ணன்.
மனைவி என்ற கட்டத்தில்
நோட்டில் இருந்தபடியே அடித்தேன்:
பெயர் தெரியாது.

பெயருக்கு ஒரு பெரிய எழுத்து,
தெரியாதுக்கு ஒரு பெரிய எழுத்து.
ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூணாவது நோட்டு முடிவதற்குள்
அதே பெயரில் பதினோரு பேர்.
மென்பொருள் கேட்டது:
இவர்கள் எல்லாம் ஒரே ஆளா, சேர்த்துவிடவா?
இல்லை என்று
பதினோரு தடவை சொன்னேன்.

அச்சுப் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இதை எடுத்துருங்களேன்.
எடுத்தால்
பொங்கியண்ணன் ஒண்டியாகவே
ஆறு பிள்ளை பெற்றதாக வருமுங்க, என்றேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
செரி, இருக்கட்டும்.
அந்தப் பதினொண்ணு மட்டும்
சின்ன எழுத்துல வந்தாப் போதும்.

அதை மாற்ற வழியே இல்லீங்க, என்றேன்.

அமைப்புகளில்
இரண்டாவது வரியிலேயே இருந்தது.